ஜெர்மனி போகும் நெய்வேலிக்காரர் கவனத்துக்கு

நெய்வேலிக்காரனுக்கு ஜெர்மனி அப்படியொன்றும் அசலூர் இல்லை. இங்கே முதல் அனல்மின் நிலையம் கட்ட ரஷ்யா கை கொடுத்தது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் ராட்சஸச் சக்கரங்கள் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தன. சுருக்கமாகச் சொன்னால், கரண்டுக்கு ரஷ்யாக்காரன், கடப்பாரைக்கு ஜெர்மன்காரன். ஒரு பக்கெட்டுக்கு 700 லிட்டர், 1400 லிட்டர் என்று மண்ணை அள்ளிப் போடும் அந்தச் சக்கரத்தின் நிழலில்தான் எங்கள் ஊரே வளர்ந்தது.

ஆகவே இந்த ஊர்க்காரர் ஒருவரை, 'வாருங்கள், வந்து பேப்பர் வாசியுங்கள்' என்று ஜெர்மனியிலிருந்து அழைத்தால், அது சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போகிற மாதிரி. முறை தெரியணும், மொய் தெரியணும், எப்போ சாப்பாடு போடுவாங்கன்னு தெரியணும்.

இதில் நான் எங்கே வந்தேன்? நான் படித்தது பி.காம். ஜெர்மன் மொழியில் தெரிந்த ஒரே வார்த்தை 'டாங்கே'. ஆனால் எங்கள் இந்திரா நகரில் யாருக்கு எந்த ஃபாரம் நிரப்பணும் என்றாலும் அடிக்கப்படுவது என் வீட்டு காலிங்பெல்தான். இன்கம்டாக்ஸ் ரிட்டர்னில் ஆரம்பித்து கேஸ் கனெக்‌ஷன் மாற்றம் வரை.

எங்கள் தெருவில் ஒரு லெக்சரர் அண்ணன் இருக்கிறார். என்ஜினீயரிங் காலேஜில் வேலை. ஆராய்ச்சி செய்வது சுரங்கத்து நிலத்தடி நீரில். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் இருக்கிற ஊற்று சாதுவானதில்லை. கீழேயிருந்து மேலே முட்டும். ராத்திரி பகலாக பம்ப் போட்டு அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே வேலை நடக்கும். அதைப் பற்றி அண்ணன் எழுதிய கட்டுரையை கொலோன் நகரத்தில் நடக்கும் ஒரு கருத்தரங்கில் ஏற்றுக்கொண்டார்கள்.

"தம்பி, தண்ணியை நான் பாத்துக்கறேன். பேப்பர் வேலையெல்லாம் நீ பாத்துக்க" என்று ஒரு காலி ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது காலியாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த ஃபைல் கற்றுக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே உங்கள் ஆபீஸில் உங்களுக்கோ உங்கள் மேனேஜருக்கோ இப்படி ஓர் அழைப்பு வரலாம். மேனேஜருக்கு வந்தால் ஃபாரம் நிரப்பப் போவதும் நீங்கள்தான்.

அழைப்பு அசலா?

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். 'மாபெரும் அறிஞர் அவர்களே' என்று ஆரம்பித்து, நீங்கள் எழுதாத துறையில் உங்களைத் தலைமை தாங்கக் கூப்பிட்டு, நாளைக்குள் பணம் கட்டச் சொன்னால் அது கருத்தரங்கு இல்லை, வசூல். அசல் ஆசாமிகள் உங்கள் கட்டுரையைப் படித்து, குறை சொல்லி, திருத்தச் சொல்லி, அப்புறம்தான் பணம் கேட்பார்கள். உங்களைப் புகழ்கிறவனை நம்பாதீர்கள், திருத்துகிறவனை நம்புங்கள். இது கல்யாணத்துக்கும் பொருந்தும்.

உங்க அப்பா பேர் என்ன?

நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். உங்கள் பெயர் முருகன், அப்பா பெயர் கோவிந்தசாமி என்றால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். அங்கே போனால் 'ஹெர் கோவிந்தசாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம்: கருத்தரங்குப் பதிவு, அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்கணும். ஒன்றில் 'கே. முருகன்', இன்னொன்றில் 'முருகன் கோவிந்தசாமி' என்று இருந்தால், இரண்டு பேர் போகிறார்களா என்று சந்தேகம் வரும்.

விசா என்னும் விரதம்

குறுகிய பயணத்துக்கு வாங்க வேண்டியது ஷெங்கன் விசா. 180 நாளில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். சென்னையில் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரில் போய் கைரேகை வைக்கணும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்னால் என்பது சட்டம். ஆனால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், கட்டுரை ஏற்கப்பட்ட அன்றைக்கே அந்த வேலையை ஆரம்பியுங்கள். கட்டணத்தை 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோ ஆக்கினார்கள். வி.எஃப்.எஸ். சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது.

ஃபைலில் இருக்க வேண்டியவை: பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட். திரும்பும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்லணும், இரண்டு பக்கம் காலியாக இருக்கணும். அழைப்புக் கடிதம். பதிவுக் கட்டணம் கட்டிய ரசீது. ஆபீஸில் லீவும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும். தங்குமிடம், டிக்கெட் முன்பதிவு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ். சம்பளச் சீட்டு, வருமான வரி ரிட்டர்ன், மூன்று மாத பாங்க் ஸ்டேட்மென்ட்.

இங்கே ஒரு பி.காம். காரனின் அறிவுரை. செலவு யாருடையது என்பதை ஒரே கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். டிக்கெட் காலேஜ், தங்குமிடம் அழைத்தவர், சாப்பாடு நான் என்றால் அப்படியே பிரித்து எழுதுங்கள். இன்னொன்று, அப்ளை பண்ணுகிற வாரத்தில் மச்சானிடம் கடன் வாங்கி இரண்டு லட்சம் அக்கவுன்ட்டில் போடாதீர்கள். ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான். மாதாமாதம் வருகிற ஒழுங்கான சம்பளத்துக்கு இருக்கிற மரியாதை திடீர்ப் பணத்துக்குக் கிடையாது.

விசா மறுக்கப்பட்டால், முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் போடலாம். 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்கணும், இல்லையென்றால் அந்த ஊர் கோர்ட்டுக்குப் போகணும். எனவே முதல் தடவையே ஃபைல் சுத்தமாக இருக்கட்டும்.

பையில் என்ன, பெட்டியில் என்ன?

யூரோவுக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைய விலை வேறாக இருக்கும். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் கொண்டு போகலாம், மீதி கார்டில். சின்னக் கடைகள் சிலவற்றில் இன்னமும் ரொக்கம்தான். எனவே கொஞ்சம் நோட்டும் சில்லறையும் கையில் இருக்கட்டும். கருத்தரங்கு விருந்துக்குத் தனியாகப் பணம் வாங்குவது அங்கே சகஜம். பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டி. பக்கத்திலேயே பண்ருட்டி இருக்கிறதே என்று பலாப்பழத்தைக் கட்டிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பழம், காய், கீரை வகைகளுக்கெல்லாம் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். விலக்கு ஐந்துக்கு மட்டும்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். அதாவது அர்ச்சனைத் தட்டுக்கு அனுமதி உண்டு, வெற்றிலைக்குக் கிடையாது. பாலில் செய்தது, இறைச்சி இரண்டும் கூடாது என்பதால் நெய் பாட்டிலும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். வறுத்த முந்திரி தாராளமாகப் போகும். அண்ணன் அரைக் கிலோ முந்திரிதான் கொண்டு போனார். முதல் நாள் காபி இடைவேளையிலேயே காலி. பத்து விசிட்டிங் கார்டு செய்யாத வேலையை ஒரு பிடி முந்திரி செய்தது.

அங்கே கரண்ட் நம்முடையது மாதிரியே 230 வோல்ட். இரண்டு முள் சார்ஜர் பொருந்தும், மூன்று முள்ளுக்கு அடாப்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் பெரும்பாலும் 25 சென்ட் டெபாசிட் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். எறிந்தால் உங்கள் காசை நீங்களே எறிந்த மாதிரி. சைவர்கள் 'வெகெடாரிஷ்' என்றால் போதும். முட்டையும் வேண்டாமென்றால் 'ஓனே ஐ' என்று சேர்த்துச் சொல்லணும். ஆஸ்பத்திரி, தீயணைப்பு அவசரத்துக்கு 112, போலீசுக்கு 110.

ரயில்: ஓர் ஆறுதல்

ஜெர்மன் ரயில் வந்தால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். 2024-ல் அவர்களுடைய தொலைதூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் ஆறு நிமிஷத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் எடுக்காமல்! விருத்தாசலம் ஜங்ஷனில் தவம் கிடந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே தாமதத்துக்கு விலை உண்டு. போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட்டில் கால் பங்கு திரும்பக் கேட்கலாம், இரண்டு மணி நேரமானால் பாதி. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட் வைத்திருந்தாலும், இருபது நிமிஷத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு ரயிலில் ஏறலாம். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டியே ஸ்டேஷன். அங்கிருந்து கொலோனுக்கு ஐ.சி.இ. வேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாடு முழுக்கச் செல்லும் மாதாந்தர 'டாய்ச்லான்ட் டிக்கெட்' 2026 ஜனவரி முதல் 63 யூரோ. ஆனால் அது ஐ.சி.இ.யில் செல்லாது, மாதத்தின் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். நான்கு நாள் தங்குகிறவர் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கட்டும்.

மேடையில்

நிகழ்ச்சி நிரலில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் கழித்து ஆரம்பிப்பார்கள் என்று அர்த்தம். 'எஸ்.டி.' என்றால் அந்த நிமிஷமே. பல்கலைக்கழகங்களில் லத்தீன் காலத்திலிருந்து வரும் வழக்கம். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் இதைப் போட்டால் எவ்வளவு நிம்மதி!

பேசி முடித்ததும் கை தட்டாமல் மேஜையை முஷ்டியால் தட்டினால் பயந்துவிடாதீர்கள். அது பாராட்டு. அண்ணனுக்கு ஒரு விநாடி, 'போதும் நிறுத்து' என்கிறார்களோ என்று தோன்றியதாம். கேள்விகள் நேராக, முகத்தில் அடித்த மாதிரி வரும். 'உங்கள் மூன்றாவது படத்தில் உள்ள எண் எனக்கு நம்பும்படி இல்லை' என்பார் ஒருவர். பத்து நிமிஷம் கழித்து அவரே உங்களுக்குக் காபி ஊற்றிக் கொடுப்பார். திட்டியது எண்ணை, உங்களையில்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை கிடையாது. ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், ஹோட்டல் தவிர எல்லாம் மூடல். சாமான் வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடணும். அப்போ ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஹாம் நகரத்தில் காமாட்சி அம்மன் இருக்கிறாள். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கோயில், 2002-ல் குடமுழுக்கு. கொலோனிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அனல்மின் நிலையம் இருக்கும் தொழிற்பேட்டைப் பக்கம் கோபுரம் தெரியும். நெய்வேலிக்காரனுக்கு வேறென்ன வேண்டும், வில்லுடையான்பட்டுக்கு வந்த மாதிரியே இருக்கும்.

ஆனால் அண்ணன் வேறு பக்கம் போனார். கொலோனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் எல்ஸ்டார்ஃப். ஹம்பாக் சுரங்கத்தின் விளிம்பு. 'டெரா நோவா' என்று பார்வை மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே குழி, ஆழமான இடத்தில் 400 மீட்டர் வரை. உள்ளே நம் ஊர்ச் சக்கரத்தின் பெரியண்ணன், 'பாகர் 293'. உயரம் 96 மீட்டர், எடை 14,200 டன், ஒரு நாளைக்கு 2,40,000 கன மீட்டர் தோண்டும்.

அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். "தம்பி, மூணு நாளா எல்லாரும் எங்கப்பாவைத்தான் கூப்பிட்டாங்க" என்றார்.

அவர் அப்பாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. எண்பதுகளில் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அந்தத் தோப்பு இருந்த கிராமமும் இன்று இல்லை. அப்பாவுக்கு அதே சுரங்கத்தில் வேலை கிடைத்தது. தன் தோப்பு இருந்த இடத்துக்கு அடியில் ஷிப்ட் பார்த்து, மகனைப் படிக்க வைத்து, ரிடையராகி, போய்ச் சேர்ந்தும் விட்டார். அவர் பெயர்தான் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாகி மகன் கழுத்தில் தொங்கியது.

அண்ணன் பார்க்கப் போனது மெஷினை இல்லை. அந்தக் குழிக்கு எழுதியிருக்கும் தேதியை. 2020-ல் ஜெர்மனி சட்டம் போட்டது: நிலக்கரி மின்சாரம் அதிகபட்சம் 2038 வரை. கொலோன் பகுதிக்கு அதை 2030-க்கே கொண்டு வர 2022 அக்டோபரில் ஒப்பந்தமானது. நிலக்கரி வட்டாரங்கள் வேறு பிழைப்புக்கு மாற 2038 வரை 40 பில்லியன் யூரோ ஒதுக்கியிருக்கிறார்கள். ஹம்பாக் குழி ஏரியாகப் போகிறது. ரைன் நதியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும். கிழக்கே கோட்பஸ் பக்கம் ஒரு பழைய சுரங்கத்தில் 2019-லேயே தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்காக அங்கே யாரும் அழவில்லை என்று நினைக்காதீர்கள். இம்மராத் கிராமத்து சர்ச்சை 2018 ஜனவரியில் இடித்தார்கள். ஜனங்களை வேறிடத்தில் குடியேற்றி, புது ஊருக்கும் அதே பெயரை வைத்து, பக்கத்தில் 'புது' என்று சேர்த்துக்கொண்டார்கள். 2023 ஜனவரியில் லூட்ஸராத் கிராமத்தைக் காலி செய்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் சேற்றில் நின்று மறித்தார்கள். அதே 2023 ஜூலையில் நம் வளையமாதேவியில், கதிர் வரும் நெல் வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரம் இறங்கியதை டி.வி.யில் பார்த்தோம். இரண்டு ஊருக்கும் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஜனங்கள் நின்ற விதம் ஒன்றுதான்.

வித்தியாசம் எங்கே என்றால், அவர்களிடம் ஒரு தேதி இருக்கிறது, ஒரு தொகை இருக்கிறது, ஏரி எங்கே வரும் என்று ஒரு மேப் இருக்கிறது. போதுமா போதாதா என்று சண்டை போடவாவது கையில் ஒரு தாள் இருக்கிறது. எங்கள் ஊரில் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. எத்தனையோ குடும்பங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சோறு போட்ட கட்டடம். அன்றைக்கு டீக்கடையில் கொஞ்ச நேரம் பேசினோம். அப்புறம் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டோம்.

அண்ணனின் கடைசி ஸ்லைடில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'பம்பை நிறுத்தும் நாளில் என்ன ஆகும்?' அதற்குத்தான் மேஜை அதிகம் தட்டப்பட்டதாம். அவர்கள் குழிக்கு நதியிலிருந்து தண்ணீர் கொண்டு வரணும். நம் குழிக்குக் கீழேயே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அது வந்து நின்ற பிறகு கரையில் யார் இருப்பார்கள், என்ன வேலை பார்ப்பார்கள்? சூத்திரம் போட்டு முதல் பாதிக்கு விடை கண்டுபிடித்துவிடலாம். இரண்டாம் பாதிக்கு ஊர் கூடி உட்காரணும்.

அதனால், வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போகிற எல்லாருக்கும் என் கடைசிக் குறிப்பு. திரும்பி வரும்போது சாக்லேட் வாங்கி வாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. போகும்போது உங்கள் ஊரின் கேள்வி ஒன்றை எடுத்துப் போங்கள். அதற்கு எந்த கஸ்டம்ஸிலும் தடையில்லை, எடைக்கும் பணம் கட்ட வேண்டாம்.

விசா ஃபைலுக்கு நான் இருக்கேன். கேள்விக்கு நீங்கதான்.